பகிர்ந்த ஆவணத்தில் குழுப்பணி: ஒருவர் எழுத, மற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள்

கேள்வி: அறிவியல் ஆசிரியை

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணத்தைத் திறந்து கொடுத்து, ஒளிச்சேர்க்கை பற்றி இரண்டு வாரத்தில் ஓர் அறிக்கை எழுதச் சொன்னேன். பெரும்பாலான குழுக்களில் நன்றாகப் படிக்கும் ஒருவரே முழுவதையும் எழுதிவிட்டார். மற்றவர்கள் தலைப்பின் நிறத்தை மாற்றுவதோடும் படம் ஒட்டுவதோடும் நின்றுகொண்டார்கள். ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுதிய பத்தியை, அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இன்னொருவர் அழித்துவிட்டார். அதன்பின் அவள் அந்த ஆவணத்தைத் திறக்கவே இல்லை. என்னை மிகவும் வருத்துவது அதுதான். மதிப்பெண்ணைக் குழுவுக்கு வழங்குவதா, தனித்தனியே வழங்குவதா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. இம்முறையைக் கைவிட மனம் வரவில்லை. செய்து பார்த்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1: உயிரியல் ஆசிரியர்

கோளாறு மென்பொருளில் இல்லை, கொடுத்த வேலையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒளிச்சேர்க்கை பற்றிய அறிக்கையை ஒருவரே எழுதிவிட முடியும். எனவே ஒருவரே எழுதினார். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெவ்வேறு இனத்து மாணவர்கள் ஒரே வகுப்பில் சேர்ந்து அமரத் தொடங்கியபோது எழுந்த பூசலைத் தணிக்க, உளவியலாளர் எலியட் ஆரன்சன் பாடத்தைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு மாணவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் எவராலும் பாடத்தை முழுமையாக அறிய முடியாது என்ற நிலை அதனால் உண்டாயிற்று.

தங்கள் பாடம் இதற்கு மிகவும் பொருந்தும். ஒருவருக்குக் கருப்புத் தாளால் ஒரு பகுதி மறைக்கப்பட்ட இலை. இன்னொருவருக்குப் பச்சையும் வெள்ளையும் கலந்த இலை. மூன்றாமவருக்கு, கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு உள்ள குடுவைக்குள் பாதி செருகப்பட்ட இலை. நான்காமவருக்கு நீருக்கடியில் குமிழிகளை வெளியிடும் ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரம். முதல் மூவரும் இலையில் மாவுச்சத்து உருவாகியிருக்கிறதா என்று காட்டும் அயோடின் சோதனை செய்து, இலையின் எந்தப் பகுதி கருநீலமாக மாறியது என்று படத்துடன் தம் பகுதியில் பதிவு செய்யட்டும். ஒளி, பச்சையம், கார்பன் டை ஆக்சைடு ஆகிய மூன்றும் தேவை, ஆக்சிஜன் வெளியேறுகிறது என்ற முடிவுரையை நான்கு பதிவுகளையும் படிக்காமல் எழுத இயலாது. முடிவுரையை மட்டும் வகுப்பறையில், நால்வரும் ஒன்றாக அமர்ந்து எழுதச் செய்யுங்கள்.

மறுமொழி 2: ஆசிரியர் பயிற்றுநர்

மதிப்பெண் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது ஒவ்வொருவரும் தம் முழு வலிமையையும் செலுத்துவதில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் ஆட்களைக் கயிறு இழுக்கச் செய்து இதை அளந்து, 1913இல் வெளியிட்டார். கைதட்டுதல், கூச்சலிடுதல் போன்ற செயல்களிலும் அவ்வாறே நிகழ்வதைப் பிற்கால ஆய்வாளர்கள் கண்டார்கள். தம் பங்கு தனியே அறியப்படும் என்று தெரிந்தால் அந்தத் தளர்வு குறைகிறது என்பதையும் கண்டார்கள். ஆகவே இரண்டு மதிப்பெண்களும் வேண்டும்: முடிவுரைக்குக் குழு மதிப்பெண், அவரவர் பகுதிக்குத் தனி மதிப்பெண்.

ஆனால் ஆவணத்தில் நடந்த மாற்றங்களைச் சேமித்து வைக்கும் பதிப்பு வரலாற்றைப் பார்த்து மட்டும் தனி மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். யாருடைய கணக்கிலிருந்து எழுத்து வந்தது என்பதைத்தான் அது காட்டும். யார் சிந்தித்தார் என்பதைக் காட்டாது. அருகில் அமர்ந்து ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் தட்டச்சு செய்வதும், ஒரே கைபேசியை இருவர் பயன்படுத்துவதும் வழக்கம். வரலாற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்த வாக்கியத்தை ஏன் மாற்றினாய்?" என்று இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். எனக்கு அந்த உரையாடல்தான் மதிப்பீடு.

மறுமொழி 3: மொழி ஆசிரியை

அழிக்கப்பட்ட அந்தப் பத்தியைப் பதிப்பு வரலாற்றிலிருந்து மீட்டு, அந்த மாணவியிடம் முதலில் காட்டுங்கள். அது தொலைந்துவிடவில்லை என்று அவள் அறிய வேண்டும். அடுத்த முறை, பிறர் எழுதியதை நேரடியாகத் திருத்தாமல், மாற்றத்தை ஒரு யோசனையாக மட்டும் காட்டும் பரிந்துரை முறையில்தான் திருத்த வேண்டும் என்று விதி வையுங்கள். அதை ஏற்பதையும் மறுப்பதையும் எழுதியவரிடமே விட்டுவிடச் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவில் திருத்துபவர்கள் காரணத்தை ஒரு வரியில் குறிப்பிடும் வழக்கத்தையும் கடன் வாங்கலாம். "நன்று" என்று மட்டும் கருத்து எழுதுவதை என் வகுப்பில் ஏற்பதில்லை. ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். மேலும், ஆவணத்தைத் திறக்கும் முன் பத்து நிமிடம் தனியே தாளில் எழுதச் சொல்லுங்கள். தயங்கும் பிள்ளைகள் அந்தத் தாளுடன் வந்தால் வெறுங்கையுடன் வந்ததாக உணர மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பத்தியை இன்று மீட்டு அவளிடம் காட்டினேன். அதில் ஒரு பிழை இருந்தது. இரவில் இலை சுவாசிப்பதில்லை என்று எழுதியிருந்தாள். அதைத் தானே திருத்திக்கொள்வதாகச் சொன்னாள். ஹைட்ரில்லாவின் குமிழிகளை எண்ணும் பொறுப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.