கெட்டமின் சிகிச்சைக்கு வேலூர் பக்கம் நல்ல இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். இரண்டு மனச்சோர்வு மருந்துகளை முழு டோஸில் போதிய வாரங்கள் சாப்பிட்டும் தேறாத ஒருவருக்காகக் கேட்கிறோம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் கெட்டமின் (குறைந்த அளவில் மனச்சோர்வுக்கும் தரப்படும் மயக்க மருந்து) டிரிப் போடும் மனநல மருத்துவமனை எது? போதைக் காளான், எல்.எஸ்.டி. போன்ற போதைப்பொருளால் குணமாக்குவோம் என்று ஆசை காட்டும் இடம் வேண்டவே வேண்டாம். அவை இங்கே சட்டப்படி தடை.

வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மி.கி. அதாவது 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி., 40 நிமிடத்தில் மெதுவாக ஏற வேண்டும். அவசரமாக ஏற்றினால் பிரஷர் எகிறும், உடம்பை விட்டுப் பிரிந்து போவது போன்ற உணர்வு அதிகமாகி நோயாளி மிரண்டுவிடுவார். அதனால் போய் வந்தவர்கள் இதைக் கட்டாயம் எழுதுங்கள்: டிரிப் ஏறும்போது டாக்டர் பக்கத்திலேயே இருந்தாரா? பிரஷரும் ஆக்சிஜன் அளவும் எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள்? ஆக்சிஜன் சிலிண்டர், அம்பு பேக் (மூச்சு திணறினால் கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை) அதே அறையில் இருந்ததா? முதல் நாளே, வழக்கமாகப் போடும் ஆறு டோஸுக்கும் மொத்தமாகப் பணம் கேட்டார்களா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவுச் சான்று கண்ணில் படும்படி மாட்டியிருந்ததா?

டிரிப் போட்ட அன்றைக்கு நோயாளி வண்டி ஓட்டக் கூடாது என்பதால், துணைக்கு வருபவர் தங்க அருகில் லாட்ஜ் இருந்தாலும் சொல்லுங்கள்.