எட்டாம் வகுப்புக் கணக்கு: யார் எதில் தடுக்குகிறார்கள் என்று குறித்து வைக்க எது தோது?

தேவிகுளம் டீச்சர்
தமிழ் மீடியம், 34 பிள்ளைகள். வகுப்பில் ஒரு லேப்டாப், புரொஜெக்டர், என் போன். பிள்ளைகளிடம் போன் கிடையாது. மழை பிடித்தால் நெட்டும் போய்விடும். கேரளத்தில் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் பாடத்துக்குப் பாடம் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் வேண்டும். ரெஜிஸ்டரில் 20க்கு 5 என்றுதான் இருக்கிறது. அந்தப் பிள்ளை பின்னத்தில் தடுக்குகிறாளா, குறை எண்ணிலா? ஓணப் பரீட்சைக்கு முன்பே தெரிய வேண்டும்.

பாலக்காடு கணக்கு மாஷ்
டீச்சர், தனி ஆப் எதுவும் வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் போதும். போனில் அந்த ஷீட்டுக்கு ஆஃப்லைன் வசதியைப் போட்டுவிட்டால் நெட் போனாலும் குறிக்கலாம், வந்ததும் தானே ஏறிக்கொள்ளும்.

முதல் நிரலில் (column) பெயர் வேண்டாம், பள்ளிப் பிள்ளைகளின் விவரம் பதியும் கேரள அரசுத் தளமான சம்பூர்ணாவில் உள்ள அட்மிஷன் நம்பர். ஒரே பிள்ளையின் பெயர் ஒரு தாளில் தமிழிலும் இன்னொன்றில் ஆங்கிலத்திலும் இருக்கும்; பிறகு இரண்டு தாளைச் சேர்க்கவே முடியாது. பெயர் இரண்டாம் நிரலில் இருக்கட்டும். அடுத்து ஒரு திறனுக்கு ஒரு நிரல்: ‘பகுதி வேறான பின்னங்களைக் கூட்டுதல்’, ‘குறை எண்ணைக் கழித்தல்’ என்று. ‘பின்னம்’ என்று மொத்தமாகப் போட்டால் பழையபடி மார்க் ரெஜிஸ்டர்தான். ஒரு யூனிட்டுக்கு எட்டுக்கு மேல் போகாதீர்கள், நிரப்பி முடியாது.

குறியீடு 1 முடியவில்லை, 2 உதவியோடு, 3 தானாக. 0 வேண்டாம்: எக்செல்லில் திறந்து ‘0க்குச் சமம் என்றால் சிவப்பு’ என்று வைத்தால் காலிக் கட்டமும் சிவந்துவிடும். வராத பிள்ளைக்கு ‘வ’. நான்கையும் டிராப்டவுனில் வைத்துவிடுங்கள், கீபோர்டு மாற்ற வேண்டியிருக்காது.

சராசரி மட்டும் போடாதீர்கள். 3, 3, 1, 1 என்றாலும் 2தான், நாலும் 2 என்றாலும் 2தான். கவுன்ட்இஃப் (COUNTIF) ஃபார்முலா போட்டு நிரலுக்கு எத்தனை 1 என்று எண்ணுங்கள். 12க்கு மேல் வந்தால் பாடத்தையே திரும்ப எடுக்க வேண்டும். நாலைந்து என்றால் அவர்களை மட்டும் உட்கார வைத்தால் போதும்.

வண்டிப்பெரியாறு
மாஷ் சொன்னதோடு பிளிக்கர்ஸ் (Plickers) என்ற வினாடி வினா ஆப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஓர் அட்டை. அட்டையை எந்தப் பக்கம் மேலே பிடிக்கிறார்களோ அதுதான் விடை. உங்கள் போன் கேமரா வகுப்பையே ஒரு வீச்சில் படித்துவிடும். இலவச அட்டைத் தொகுப்பிலேயே 40 உண்டு, உங்களுக்குத் தாராளம். பளபள லேமினேஷன் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் படிக்காது. அட்டையில் உள்ள கறுப்புக் கட்டத்தில் விரல் பட்டாலும் படிக்காது, ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

விடைகளைத் தவறுக்கு ஏற்ப அமைப்பதில்தான் விஷயம். 1/2 + 1/3க்கு 5/6, 2/5, 2/6, 1/6 கொடுங்கள். 2/5 என்றால் மேலும் கீழும் தனித்தனியே கூட்டியிருக்கிறாள். 2/6 என்றால் பொதுப் பகுதி கண்டுபிடித்துத் தொகுதியை மாற்றாமல் விட்டிருக்கிறாள். 1/6 பெருக்கியது. மூவருக்கும் மூன்று விதமாகச் சொல்லித்தர வேண்டும். நெட் இல்லாத நாளில் இதே கேள்வியைச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லலாம்.

தேவிகுளம் டீச்சர்
34 பேருக்கும் ஒரே பீரியடில் எப்படிக் குறிப்பது?

பாலக்காடு கணக்கு மாஷ்
குறிக்க வேண்டாம். ஒரு பீரியடுக்கு ஒரே நிரல், ஒரு வரிசை பெஞ்சு, 8 அல்லது 9 பேர். நாலு பீரியடில் சுற்று முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை ‘வ’ உள்ளவர்களை மட்டும் பார்த்து நிரப்புங்கள். விட்டுவிட்டால் லீவு அதிகம் போடும் பிள்ளைகள்தான் கணக்கில் வராமல் போவார்கள். பள்ளி லேப்டாப்பில் எக்செல் மாதிரியே லிப்ரே ஆஃபீஸ் கால்க் இருக்கும், மாதம் ஒரு பிரதி அதில் இறக்கி வையுங்கள்.

வண்டிப்பெரியாறு
சிவப்புக் கட்டங்களோடு இந்த ஷீட்டைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள் டீச்சர். புரொஜெக்டரிலும் வேண்டாம். அந்தந்தப் பிள்ளையின் வரியை மட்டும் அம்மா அப்பாவிடம் நேரில் காட்டுங்கள்.