ஹகோசுகா: ஜிடி-ஆர் ஆக்கப்பட்ட ஜிடி கூபேக்களோடு என் சந்திப்புகள்

ஜப்பானில் பழைய கார்கள் கூடும் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு ஹகோசுகா ஜிடி-ஆர், அதாவது பெட்டி வடிவப் பழைய நிசான் ஸ்கைலைனின் பந்தய வகை, கண்ணில் படும். அப்படிப் படுகிறவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து வெறும் ஜிடியாக வெளிவந்த வண்டிகள். 1970 அக்டோபரில் வந்த இரண்டு கதவு கூபே ஜிடி-ஆர் மொத்தமே 1197 தான் செய்தார்கள். அதற்கு முன் 1969 பிப்ரவரியில் வந்த நான்கு கதவு செடான் 832. பந்தயத்தில் 50 வெற்றி பெற்ற பெயர் இந்த ஜிடி-ஆருக்கு உண்டு. இன்று அசல் ஜிடி-ஆர் வேண்டுமென்றால் இரண்டு கோடி யென்னுக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அதனால்தான் சாதாரண ஸ்கைலைன் 2000 ஜிடி கூபேயை வாங்கி ஜிடி-ஆர் தோற்றத்துக்கு மாற்றுவது அங்கே பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது.

வேலைக்காக கனகாவா பக்கம் வந்த பிறகு இப்படிப்பட்ட வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றில் மனதில் நிற்கிற சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் யொகொஹாமாவின் தைகொகு பார்க்கிங். கடலோர விரைவுச்சாலையின் சுழல் பாலங்களுக்கு நடுவே இருக்கிற இடம், வார இறுதியில் விதவிதமான கார்கள் வந்து நிற்கும். அங்கே ஒரு வெள்ளி நிற ஹகோசுகா. பின்சக்கரத்தின் மேல் போல்ட் போட்ட ஓவர் ஃபெண்டர் (சக்கர வளைவை அகலமாக்கும் வெளி மூடி), டிக்கி மேல் சின்ன ஸ்பாய்லர், கிரில்லில் ஜிடி-ஆர் சின்னம், எட்டு ஆரம் கொண்ட கறுப்பு வாட்டனபே சக்கரங்கள். உரிமையாளர் எழுபதைத் தொட்ட மனிதர். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்ததும் அவரே முந்திக்கொண்டு, "இது ஜிடிங்க, ஜிடி-ஆர் இல்லை" என்று சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்தார்.

திறந்ததும் தெரிந்துவிடுகிறது. அசல் ஜிடி-ஆரில் இருப்பது எஸ்20. பின்னர் நிசானோடு இணைந்த பிரின்ஸ் நிறுவனத்தார் கட்டிய ஆர்380 பந்தயக் காரின் என்ஜின் வழியில் வந்த ஆறு சிலிண்டர் என்ஜின் அது. 1989 சிசி, இரட்டை கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு நான்கு வால்வு, 160 குதிரைத்திறன். அதில் காற்று ஒரு பக்கம் உள்ளே போகும், புகை எதிர்ப்பக்கம் வெளியே வரும். ஜிடியில் வருகிற எல்-வரிசை என்ஜினுக்கு ஒரே கேம் ஷாஃப்ட். கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும்.

அவர் வண்டியில் இருந்தது நிசானின் ஃபேர்லேடி இசட் ஸ்போர்ட்ஸ் கார்களில் வந்த எல்28. அசலில் 2753 சிசி. சிலிண்டரை 86 மில்லிமீட்டரிலிருந்து 89-க்குக் குடைந்து, டீசல் என்ஜினான எல்டி28-இன் கிராங்க் ஷாஃப்ட்டைப் போட்டிருந்தார். அந்த கிராங்க்கின் ஸ்ட்ரோக் 79-க்குப் பதில் 83 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 3.1 லிட்டர். மூன்று சோலெக்ஸ் கார்புரேட்டர், கையால் வளைத்துச் செய்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, பின்னால் ஆர்200 டிஃபரென்ஷியல். நல்ல கையில் கட்டப்பட்ட 3.1 லிட்டர் எல்-என்ஜின், அசல் எஸ்20-ஐ விடக் கூடுதல் சக்தியும் கீழ் வேகத்தில் அதிக இழுவையும் தரும். ரெப்ளிகா என்றால் மட்டமான நகல் என்று நினைப்பவர்கள் இந்த மாதிரி ஒரு வண்டி கியர் மாற்றி மேலேறும் சத்தத்தை ஒருமுறையாவது கேட்க வேண்டும்.

ஜப்பானில் வண்டிகளுக்குக் கட்டாயமான ஷாகென் தகுதிப் பரிசோதனையை எப்படித் தாண்டுகிறது என்று கேட்டேன். சான்றிதழை எடுத்துக் காட்டினார். வண்டியின் வகைக் குறியீட்டுக்குப் பின்னால் மாற்றியமைக்கப்பட்டது என்பதற்கான எழுத்து சேர்ந்திருந்தது. 2000 சிசியைத் தாண்டியதால் நம்பர் பிளேட் வகுப்பும் 5-இலிருந்து 3-க்கு மாறியிருந்தது. ஓவர் ஃபெண்டரால் கூடிய அகலமும் பதிவாகியிருந்தது. செய்த மாற்றம் அத்தனையையும் காகிதத்தில் ஏற்றிவிட்டு ஓட்டுகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அந்த என்ஜினை விட இந்தக் காகிதம்தான் பெரிய காரணம்.

அடுத்தது சைதாமாவில் ஒரு சின்ன டிங்கர் பட்டறை. தெரிந்தவர் ஒருவர் அழைத்துப் போனார். மாற்று வேலையில் திரும்பிப் போக முடியாத கட்டம் எது என்று அங்கேதான் நேரில் பார்த்தேன். என்ஜினைக் கழற்றலாம், திரும்ப மாட்டலாம். ஸ்பாய்லரும் சின்னமும் அப்படித்தான். பின்பக்கத் தகட்டை வெட்டினால் வெட்டியதுதான்.

ஹகோசுகாவின் பக்கவாட்டில் ஒரு மடிப்புக் கோடு உண்டு. பின்சக்கரத்தின் மேல் ஓரத்தை மூடிக்கொண்டு வண்டியின் பின்முனை வரை போகும். சர்ஃப் லைன் என்பார்கள். ஜிடி-ஆரில் அகலமான டயர் வேண்டும் என்பதற்காக சக்கர வளைவைப் பெரிதாகத் திறந்தார்கள், அந்தக் கோடு அங்கே அறுந்தது. கூபே ஜிடி-ஆரில் அந்த இடத்தின் மேல் ஓவர் ஃபெண்டர் வைத்தே விற்றார்கள். முன்சக்கரத்துக்கும் ஓவர் ஃபெண்டர் இருந்தால் அது பந்தய வண்டியின் தோற்றம். சாலைக்கு வந்த ஜிடி-ஆரில் அது கிடையாது.

பட்டறைக்காரர் முதலில் வளைவை டேப் ஒட்டிக் குறித்தார். வெளித்தகட்டை மட்டும் அறுத்தார். உள்ளே இன்னொரு தகடு இருக்கிறது. அதைச் சிறு சிறு துண்டாகக் கீறி, வெளித்தகட்டோடு சேரும்படி வளைத்து, விளிம்பு முழுவதும் பற்ற வைத்தார். இந்தப் பற்றவைப்பில்தான் வண்டியின் ஆயுளே இருக்கிறது. பலர் அறுத்துவிட்டு இடைவெளியில் பட்டி வைத்து அடைத்து, மேலே ஃபைபர் ஓவர் ஃபெண்டரைப் போட்டு மூடிவிடுகிறார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு தகட்டுக்கும் நடுவே சக்கரம் வாரியடிக்கிற தண்ணீர் இறங்கும், சில வருடத்தில் பின்பக்கமே துருவாகிவிடும். அப்படி வந்த இன்னொரு வண்டியை அவர் காட்டினார். ஓவர் ஃபெண்டரைக் கழற்றியதும் போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது.

வேலை முடிந்து தேநீர் குடிக்கும்போது அவர் சொன்னது என் எண்ணத்தை மாற்றிவிட்டது. இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் வெட்டாத ஜிடி தெருவுக்குத் தெரு இருந்ததாம், இப்போது வெட்டாத கோட்டோடு ஒரு வண்டி உள்ளே வந்தால் ரம்பத்தை எடுக்க மனசு வரவில்லை என்றார். வாடிக்கையாளரிடம் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறாராம்.

யோசித்துப் பார்த்தால் நியாயம். ஜிடி-ஆர் எத்தனை என்று கணக்கு இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. ஸாமாவில் நிசானின் சேகரிப்பில் அசல் வண்டியைப் பார்க்கலாம். நாகானோ மாநிலத்து ஒகயாவில் ஸ்கைலைனுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. சாதாரண குடும்பம் கடன் போட்டு வாங்கிய ஜிடிதான், எல்லோரும் ஆசைப்பட்டு மாற்றி மாற்றி, தன் சொந்த உருவத்தில் அரிதாகிக்கொண்டு வருகிறது. அப்படி ஒன்றை ஒரு கோயில் வளாகத்தில் நடந்த பழைய கார் கண்காட்சியில் பார்த்தேன். பழுப்பு நிறம், மெல்லிய இரும்புச் சக்கரம், கோடு முழுசாக. பக்கத்தில் ஜிடி-ஆர் தோற்றத்தில் வரிசையாக நின்றவற்றை விட்டு ஜனம் அதைச் சுற்றித்தான் நின்றது. அதன் உரிமையாளர் முப்பது வயது கூட ஆகாத பெண். அப்பா வைத்திருந்த வண்டியாம். உள்ளே எல்28 போட்டிருக்கிறேன், வெளியே ஒரு கீறல் கூட விழவிடமாட்டேன் என்றார். மாற்றவும் வேண்டும், அழிக்கவும் கூடாது என்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கசப்பான சந்திப்பும் ஒன்று உண்டு. என் நண்பர் ஒருவர், கோயம்புத்தூர்க்காரர், நீண்ட நாளாக ஒரு ஹகோசுகா தேடிக்கொண்டிருந்தார். பொதுவாக விளம்பரங்களில் ஜிடி-ஆர் தோற்றம் என்று நேர்மையாகவே போடுவார்கள். இவர் பார்க்கப் போன இடத்தில் விற்பவர் அந்தத் தோற்றம் என்கிற சொல்லை விட்டுவிட்டு, ஜிடி-ஆர் என்றே பேச்சை ஓட்டினார். விலையும் அதற்கேற்ப. டாகோமீட்டர் கூட அசலைப் போல 10,000 வரை எண் போட்டது. நண்பர் என்ஜின் அறையில் இருந்த சேசிஸ் எண்ணைப் பார்த்தார். கேஜிசி10. ஜிடி-ஆர் கூபே என்றால் கேபிஜிசி10 என்று இருக்க வேண்டும். நடுவில் வர வேண்டிய அந்த ஒற்றை பி இல்லை. காட்டிக் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றிவிட்டார். நண்பர் வாங்காமல் திரும்பினார்.

ஒரு வண்டியை இன்னொன்றின் உருவத்துக்கு மாற்றுவதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை, அது உழைப்பு, ஆசை, கைத்திறன். அந்த உழைப்பை வைத்துப் பொய் விலை சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

சரி, இப்படி ஒன்று வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு. முதலில் சேசிஸ் எண்ணைப் படியுங்கள். என்ஜின் அறையில் உள்ளதும் சான்றிதழில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். என்ஜின் மாற்றியிருந்தால் அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த ஷாகென் உங்கள் தலையில்தான். அப்புறம் வண்டியைத் தூக்கச் சொல்லி, பின்சக்கர வளைவின் உள்பக்கம் கையை விட்டு விளிம்பு முழுக்கத் தடவுங்கள். பற்ற வைத்த தகடு தொடர்ச்சியாகக் கையில் படும். நடுவில் பட்டி தட்டுப்பட்டால் ஓவர் ஃபெண்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும்.