ஒற்றைத் தந்தப் பலகை: டிப்டிக்கின் பாதியா?

கேள்வி:
அருங்காட்சியகப் படத்தொகுப்பில் ஒரு தந்தப் பலகை. பாரிஸ், 14-ஆம் நூற்றாண்டு என்று குறிப்பு. கூர்வளைவுகளுக்குக் கீழே சிலுவைப்பாடு. வீட்டுச் செபத்துக்கான, கீலால் இணைத்து மூடும் இரட்டைப் பலகையில் (டிப்டிக்) இது எந்தப் பக்கம்? முன், பின், ஓரம் எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது. நடுவில் நெடுக ஒரு விரிசலும் உண்டு.

பதில் 1:
நீள ஓரங்களைப் பாருங்கள். கீல் பதிக்க வெட்டிய குழிகளும் ஆணித் துளைகளும் இடது ஓரத்தில் இருந்தால் இது வலப்பலகை. சிலுவைப்பாடு பெரும்பாலும் வலப்பக்கம்தான். இடப்பக்கம் பாலன் இயேசுவோடு மரியன்னை. ஆனால் காட்சியை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு ஓரத்திலும் குழி இருந்தால் மூன்று மடிப்பின் நடுப்பலகையாக இருக்கலாம், அல்லது பிற்காலத்தில் யாரோ கீலை மாற்றியிருக்கலாம். அடைத்த பழைய துளைகள் தெரிகின்றனவா என்று தேடுங்கள்.

பின்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். விளிம்பை விட்டு உள்ளே பள்ளமாகக் குடைந்திருந்தால் அது மெழுகு ஊற்றி எழுதும் பலகை. செபப் பலகையே அல்ல.

சிற்பத்தின் உயரத்தையும் கவனியுங்கள். மூடும்போது இரண்டு முகங்களும் உள்ளே எதிரெதிராக வரும். அதனால் தட்டையான பலகையிலிருந்து கீழ்நோக்கித்தான் செதுக்குவார்கள். மூக்கும் முழங்காலும் பொதுவாகச் சட்டத்தின் மட்டத்தைத் தாண்டாது.

பதில் 2:
விரிசல் நெடுக ஓடுவது இயல்புதான். தந்தம் ஈரத்தை இழுக்கும், விடும். நீளவாக்கில் அதிகம் சுருங்காது, குறுக்கே சுருங்கும். அதனால் பலகை குறுக்கே வளைகிறது, பிளவு நெடுக விழுகிறது. இறுக்கமான உலோகச் சட்டத்துக்குள் இருந்தால் அசைய வழியில்லாமல் சீக்கிரமே பிளக்கும்.

மேல், கீழ் ஓரங்களைப் பெரிதாக்கிப் பாருங்க. குறுக்கு மறுக்காக வளைகோடுகள் தெரிந்தால் யானைத் தந்தம் அல்லது மாமூத் (அழிந்துபோன யானை இனம்) தந்தம். வெளிப்படலத்தில் கோடுகள் வெட்டும் கோணம் 115 பாகைக்கு மேலே என்றால் யானை, 90-க்குக் கீழே என்றால் மாமூத். கோடுகளே இல்லாமல் கரும்புள்ளிகளும் கீற்றுகளும் இருந்தால் எலும்பு.

கேட்டவர்:
நன்றி. குழி இடது ஓரத்தில்தான். ஆனால் எல்லாமே வெறும் வெள்ளை. வண்ணமே பூசவில்லையா?

பதில் 1:
பூசியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முழுதாகப் பூசாமல், தலைமுடிக்கும் ஆடைக்கரைக்கும் பொன், அங்கியின் உட்புறத்துக்கு நீலமோ சிவப்போ, உதட்டுக்கு ஒரு தீற்றல் என்று இடம் பார்த்து வைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் படிகள் வார்ப்பதற்காக இவற்றின் மேல் அச்சு எடுத்தபோது நிறைய வண்ணம் உரிந்து போனது. கழுவியதில் மிச்சமும் போனது. துணிமடிப்பின் அடி ஆழத்திலும் தலைமுடிச் சுருள்களின் இடுக்கிலும் தேடுங்கள். பொன் உதிர்ந்த இடத்தில் சில சமயம் நிறம் மாறிய தடம் மட்டும் நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் கேட்டு வாங்கினால் தெரியும்.