பாஸ்டிங் சுகர் 118 எண்டு வந்திருக்கு, கடைச் சாப்பாட்டோட சமாளிக்க ஏலுமோ?

விசுவமடு பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். வயசு 38, வீடு விசுவமடு, வேலை கிளிநொச்சி ரவுணில. போன கிழமை வெறும் வயித்தில ரத்தம் குத்திப் பாத்ததில பாஸ்டிங் சுகர் 118. 100க்குக் கீழ இருக்கோணுமாம், 126ஐத் தொட்டாத்தான் சலரோகம் எண்டு சொல்லுறதாம், நீர் நடுவில நிக்கிறீர் இப்ப மருந்து வேண்டாம் சாப்பாட்டைப் பாரும் எண்டு டொக்டர் சொல்லி அனுப்பிட்டார். என்னத்தைப் பாக்கிறது எண்டுதான் விளங்கேல்ல. காலமை ஆறரை பஸ், வீட்டில ஒண்டும் சாப்பிடுறேல்ல. ரவுணில இறங்கினோண்ண ரெண்டு றோல்ஸும் பால் தேத்தண்ணியும், பத்து மணிக்கு வடையும் பிளேன்ரீயும், மத்தியானம் சோத்துப் பார்சல் அதுக்குப் பிறகு ஒரு பிளேன்ரீ, பின்னேரம் திரும்பவும் தேத்தண்ணி, இரவு களைச்சு விழுந்து வந்தா பாண் இல்லாட்டி கொத்து. ஒபிசில ஒராள் ஓட்ஸ் வாங்கு, குரக்கன் பிஸ்கட் வாங்கு எண்டு நிக்கிறார். விலையைப் பாத்திட்டு வச்சிட்டு வந்திட்டன். சம்பளத்துக்குள்ள செய்யக்கூடிய மாதிரி ஆராவது சொல்லுங்கோ.

முத்தையன்கட்டு அக்கா:
தம்பி முதல்ல தேத்தண்ணியை எண்ணுங்கோ. நீங்கள் எழுதினதிலயே நாலு கிடக்கு. கடையில கிளாசுக்கு மூண்டு கரண்டி சீனி போடுவினம், அப்ப 12 கரண்டி, கிட்டத்தட்ட 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உச்சம் எண்டு சொல்லுறதே அவ்வளவுதான், அதிலயும் பாதியாக்கினா இன்னும் நல்லம் எண்டுதான் சொல்லுது. நீங்கள் இன்னும் சாப்பாட்டுக்கே வரேல்ல பாருங்கோ! என்ர மனிசனோட நான் சீனியை நிப்பாட்டுங்கோ எண்டு சண்டை பிடிச்சு ஒண்டும் நடக்கேல்ல, பிறகு ஆளுக்குச் சொல்லாமலே கிழமைக்குக் கொஞ்சமா குறைச்சுக் கொண்டு வந்தன், இப்ப அரைக்கரண்டியில நிக்கிறார், வெளியில குடிச்சா பாணி மாதிரிக் கிடக்கு எண்டு அவரே முகத்தைச் சுழிக்கிறார். பனங்கட்டி எண்டா பிரச்சினை இல்லை எண்டு ஆரும் வந்து சொல்லுவினம், அதுவும் இனிப்புத்தான், நம்பாதேங்கோ. ஆனா வெறும் தேத்தண்ணிக்கு ஒரு சின்னத் துண்டைக் கடிச்சுக் குடிச்சா மூண்டு கரண்டி சீனியை விடக் குறையத்தான் போகும், அதை மறுக்கேல்ல.

குளக்கட்டு:
அக்கா சொன்னது சரி. நான் ஒண்டு சொல்லுறன் கோவிக்காதேங்கோ, எங்கட ஆக்களுக்கு குரக்கன் எண்டா மருந்து எண்ட நினைப்பு. எங்கட சித்தப்பா குரக்கன் புட்டுத்தானே எண்டு மூண்டு குழல் இறக்குவார், பிறகு கிளினிக்கில போய் சுகர் ஏன் ஏறினது எண்டு நேர்சோட வாக்குவாதம் 😀 சிவப்பரிசியும் அப்பிடித்தான். தவிடு கிடக்கிறது நல்லம், ஆனா கோப்பை நிறையக் குவிச்சா மாச்சத்து மாச்சத்துத்தான். வயலுக்கை நாள் முழுக்க நிண்ட ஆக்கள் சாப்பிட்ட சோத்தை நாங்கள் கதிரையில இருந்து கொண்டு சாப்பிடுறம்.

மல்லாவி கடைக்காரன்:
கடை வச்சிருக்கிற ஆள் எண்ட முறையில சொல்லுறன், பிஸ்கட் பைக்கற்றில முன்னால என்ன படம் போட்டிருக்கு எண்டு பாக்காமல் பின்னால திருப்புங்கோ. எது நிறையக் கிடக்கோ அதைத்தான் முதல்ல எழுதுறது. குரக்கன் எண்டு பேர் போட்டு முதலாவதா கோதுமை மா, ரெண்டாவதா சீனி எண்டு கிடந்தா அது சாதாரண பிஸ்கட்தான், காசுதான் கூட. மண்ணிறப் பாணும் அப்பிடி, நிறத்தை வச்சு முடிவெடுக்கக்கூடாது. 2016இல இருந்து சோடாப் போத்தலில சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் போடோணும் எண்டு சட்டம், 100 மில்லியில 11 கிராமுக்கு மேல சீனி எண்டா சிவப்பு. இதில ஒரு சுத்துமாத்து கிடக்கு. 9 கிராம் எண்டா மஞ்சள்தான், சனம் பரவாயில்லை எண்டு எடுக்கும், ஆனா 400 மில்லிப் போத்தலை முழுக்கக் குடிச்சா 36 கிராம், ஒன்பது கரண்டி. எனக்கு வியாபாரம் கெடும், எண்டாலும் சொல்லுறன். றோல்ஸுக்குப் பதிலா அவிச்ச கௌப்பி, கடலை, வறுத்த கச்சான் எடுங்கோ, உப்பைக் குறைச்சுப் போடச் சொல்லி. ரின்மீன் வாங்கினா அந்தத் தண்ணியை ஊத்திப் போட்டுக் கழுவிக் காய்ச்சுங்கோ. சந்தையில இரணைமடுக் குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) வந்தா அதை விடாதேங்கோ.

சமையல் அன்ரி:
நான் நாலைஞ்சு ஒபிசுக்குப் பார்சல் குடுக்கிறனான். உண்மையைச் சொன்னா பார்சலில சோறு குவியுறதுக்குக் காரணம் கறியை விடச் சோறு மலிவு, சோறு கொஞ்சம் குறைஞ்சாலும் சனம் அன்ரி ஏமாத்திப் போட்டா எண்டு கதைக்கும். முருங்கையிலை வறை வேலியில முறிச்சு வைக்கிறது, காசில்லை, அதைத்தான் தொடாமல் திருப்பி அனுப்புவினம்! அதால சண்டை பிடிக்காமல் கேளுங்கோ தம்பி, சோத்தில அரைவாசி போதும் கீரையும் பருப்பும் இன்னொரு கரண்டி வையுங்கோ எண்டு. கேட்டா ஆரும் இல்லை எண்டு சொல்லமாட்டினம். கோப்பையில பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி மீனோ பருப்போ, மிச்சம் சோறு. சொதியை மட்டும் குளிக்கிற மாதிரி ஊத்தாதேங்கோ.

விசுவமடு பெடியன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. இண்டைக்குப் பார்சல் கடையில கேட்டுப் பாத்தன், கடைக்கார அக்கா வயித்துக்குள்ள ஏதும் வருத்தமோ எண்டு பயந்து போட்டா, பிறகு விசயத்தைச் சொல்ல வல்லாரைச் சம்பலும் சேத்துக் கட்டித் தந்தா, காசு அதேதான். தேத்தண்ணி நாலில ரெண்டை நிப்பாட்டியாச்சு, மிச்சம் ரெண்டுக்கும் சீனி ஒரு கரண்டி. பின்னேரம் தலை இடிக்குது, அது தேத்தண்ணி குறைஞ்சதாலயோ தெரியேல்ல. மூண்டு மாதத்தில திரும்பக் குத்தச் சொன்னவை, வந்து சொல்லுறன். கொத்தை மட்டும் சனிக்கிழமைக்கு விட்டிருக்கிறன், அதுக்கு ஒருத்தரும் வாய் திறக்காதேங்கோ.

குளக்கட்டு:
சனிக்கிழமை கொத்துக்கு நானும் வாறன், பாதியாப் பிரிப்பம்.