ஆறு வயது மகள் "நான் குண்டா?" என்று கேட்கிறாள்

வணக்கம். கோவையில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு. இரண்டு மாதமாக ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள். குளித்ததும் பீரோ கண்ணாடி முன் நின்று, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "அம்மா, நான் குண்டா?" என்கிறாள்.

ஜூன் மாதப் பிறந்தநாளுக்கு அவளுக்கு வந்தவை இரண்டு ஒல்லி இடுப்பு பொம்மைகள், மேக்கப் செட், சமையல் சாமான். (அவள் அண்ணனுக்கு அதே உறவினர்கள் கொடுத்தது கிரேனும் லாரியும். அது தனிக் கதை.) பொம்மையின் பெல்ட்டைத் தன் மணிக்கட்டில் சுற்றிப் பார்த்து, "எட்டலையே" என்று அழுதாள். அதற்குப் பிறகுதான் இதெல்லாம்.

டாக்டரிடம் காட்டினோம், எடை, உயரம் இரண்டும் வயதுக்குச் சரி என்றார். பொம்மையைப் பரண்மேல் போட்டேன், பக்கத்து வீட்டில் போய் விளையாடினாள். பார்பியில் 2016இல் வந்த சற்றுப் பூசினாற்போன்ற உடல்வாகு பொம்மையைத் தேடி வாங்கினேன். "இது டீச்சர், இது குண்டு" என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டாள். கொலுப் பெட்டியிலிருந்த மரப்பாச்சி மட்டும் கொஞ்சம் எடுபட்டது, அதுவும் ஒரு வாரம்தான்.

2006இல் இங்கிலாந்தில் 5 முதல் 8 வயதுச் சிறுமிகளிடம் செய்த ஆய்வில், பார்பி படங்களைப் பார்த்தவர்களுக்குத் தங்கள் உடல்மேல் திருப்தி குறைந்ததாகப் படித்தேன். ஆக, பொம்மைக்குப் பங்கு இருக்கிறது, சரி. ஆனால் "இல்லடா, நீ ஒல்லிதான்" என்று நான் சொல்வதும் அதே அளவுகோல்தானே?

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டுப் பெண் குழந்தை கேட்டபோது, என்ன பதில் சொன்னீர்கள், எது எடுபட்டது?