கூட்டம் மிகுந்த பொதுக் காட்டில் முதல் மான் வேட்டை: எங்கே உட்காருவது?

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஸ்டேட் கேம் லேண்ட்ஸில் (மாநில அரசின் பொது வேட்டை நிலம்) முதல்முறை துப்பாக்கியோடு போகிறேன். பயிற்சி வகுப்பு, லைசென்ஸ் முடிந்தது. வேட்டைப் பருவத்தின் தொடக்க நாளில் பார்க்கிங் நிரம்பி வழியுமாமே? எங்கே உட்காரலாம்?

பதில் 1: கூட்டத்தையே உங்களுக்குச் சாதகமாக்குங்கள். முக்கால்வாசிப் பேர் வண்டியிலிருந்து அதிக தூரம் போகமாட்டார்கள். குளிர் தாங்காமல் 9 மணிக்குமேல் எழுந்து நடப்பார்கள். அப்போது கலைகிற மான்கள் அடர்ந்த புதருக்குத்தான் ஓடும். வரைபடத்தில் அந்தப் புதரையும் அதற்குப் போகும் தாழ்வான கணவாயையும் பார்த்து, காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற பக்கம் உட்காருங்கள். சிட்டிகை டால்கம் பவுடரை ஊதினால் காற்றின் திசை தெரிந்துவிடும். 3 இடங்களாவது குறித்து வையுங்கள், முதலாவதில் நிச்சயம் ஆள் இருக்கும். மதியம் எழுந்து வராதீர்கள், சாப்பாடு கையோடு இருக்கட்டும்.

பதில் 2: தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு நிற உடை, எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கவே கூடாது. யாராவது நெருங்கினால் கையை ஆட்டாதீர்கள், அசைவை மான் என்று நினைப்பார்கள், சத்தமாகப் பேசுங்கள். மேட்டின் விளிம்பில் வானம் பின்னணியாக நிற்கும் மானைச் சுடாதீர்கள், தோட்டா எங்கே போகும் என்றே தெரியாது.

பதில் 3: குறி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரம். ரத்தத்தில் பச்சை நிறம் கலந்து நாற்றமடித்தால் குடலில் பட்டிருக்கிறது. உடனே துரத்தினால் மான் கைவிட்டுப்போகும். விழுந்ததும், நகர்த்துவதற்கு முன்பே காதில் டேக் (வேட்டை அடையாளச் சீட்டு) கட்டுங்கள். பிறகு தாமதிக்காமல் குடலை எடுங்கள், உடல் சூடு கறியைக் கெடுத்துவிடும்.